மணவறைக்கு இயக்குநர் தேவையில்லை

தாலி கட்டிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையிடம் "சார், கையை அப்படியே வைங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லும் உரிமையைப் படமெடுப்பவருக்கு யார் கொடுத்தது? வீட்டார் கொடுக்கவில்லை, புரோகிதரும் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார், நாம் பேசாமல் இருந்துவிட்டோம். இன்று அதைத் தட்டிக் கேட்க ஆளில்லை. மாலை இரண்டாம் முறை மாற்றப்படுகிறது. போட்ட மெட்டியைக் கழற்றி மறுபடி போடுகிறார்கள். அட்சதை போட வந்த கிழவியின் கையைப் பிடித்து நிறுத்தி, கேமரா தயாரான பிறகு போடச் சொல்கிறார்கள். சில மண்டபங்களில் கெட்டிமேளம் ஓய்ந்த பின்னும் மாப்பிள்ளை குனிந்து, கட்டி முடித்த தாலியைக் கட்டுவதுபோலப் பிடித்துக் காட்டுகிறார்.

இதற்குத் தொழிலுக்குள் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. சாதாரண ஜனங்களுக்குக் கேமரா முன்னால் எப்படி இருப்பதென்று தெரியாது, சொல்லிக்கொடுக்காவிட்டால் முகம் இறுகிவிடும், கண் மூடிவிடும் என்கிறார்கள். கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடும், ஆல்பம் ஐம்பது வருஷம் நிற்கும், ஆகவே ஆல்பத்துக்காக அந்த ஒரு நாள் கொஞ்சம் வளைந்துகொடுத்தால் தப்பில்லை என்கிறார்கள். பணம் கொடுக்கும் வீட்டாரே அதைத்தான் கேட்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். நல்ல கைத்திறன் உள்ளவர்கள். அவர்களில் சிலரிடம் நான் தொழில் கற்றிருக்கிறேன். ஆனாலும் மூன்று வாதங்களும் தவறு என்பதே என் கட்சி.

"இயல்பான படம் வேண்டுமென்றால் அதற்குத்தான் கேண்டிட் இருக்கிறதே" என்று உடனே பதில் வரும். பேக்கேஜ் பட்டியலில் டிரெடிஷனல் தனி, கேண்டிட் தனி. கேண்டிட்டுக்குக் கூலி அதிகம். மேடையில் நிற்கவைத்து எடுப்பவர் ஒருவர், நடப்பதை நடக்கிறபடி எடுப்பவர் இன்னொருவர் என்று நம்பித்தான் வீட்டார் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கிறார்கள். மண்டபத்தில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். மணப்பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஜிமிக்கியைத் தொட்டபடி கீழே பார்க்கச் சொல்கிறார்கள். தோழிகள் நாலு பேரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்பதற்காக ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறார்கள். மாப்பிள்ளை பெண்ணின் காதில் எதையாவது சொல்ல வேண்டும். என்ன சொல்கிறார் என்பது யாருக்கும் முக்கியமில்லை. பெண்ணின் அப்பாவை அழைத்து வந்து, மகளைக் கல்யாணப் புடவையில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் நிற்கவைத்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மேடைப் படத்தில் நிற்பவர்கள் படத்துக்காகத்தான் நிற்கிறார்கள் என்பது பார்த்ததும் தெரியும், அதில் ஒளிவுமறைவில்லை. கேண்டிட் என்ற பெயரில் விற்கப்படும் இந்தப் படமோ, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறது. பழைய மேடைப் படத்தைவிட இதையே நான் பெரிய தவறாக நினைக்கிறேன்.

நிற்கவைத்து எடுக்கும் வழக்கம் யாருடைய கெட்ட எண்ணத்திலும் பிறந்ததல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து எண்மமாக்கியிருக்கிறது. அத்தகைய படங்களில் உள்ள தம்பதிகள் நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டு நேரே பார்க்கிறார்கள், சிரிப்பதில்லை. கண்ணாடித் தகட்டில் படம் பதியச் சற்று நேரம் பிடித்த காலத்தின் பழக்கம் அது. அசைந்தால் முகம் கலைந்துவிடும். பிறகு கல்யாண வீட்டுக்கே கேமரா வந்தது. யாஷிகாவிலும் ரோலிஃபிளெக்ஸிலும் போட்ட 120 ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு படந்தான். ஒரு படம் வீணானால் ஒரு படத்தின் காசு போனது. முகூர்த்தத்துக்கு ஒரு சுருள், மீதிக்கு ஒரு சுருள் என்று கணக்குப் பார்த்து வந்தவர் "ஒரு நிமிஷம் இப்படிப் பாருங்க" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் கேட்டதும் ஒரு நிமிஷந்தான். கேட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார், சடங்கு தன் போக்கில் போகும்.

அந்த நியாயம் இன்று இல்லை. ஒரு மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்குகின்றன. இடையூறு குறைந்திருக்க வேண்டும், மாறாகப் பெருகிவிட்டது. பன்னிரண்டு படத்துக்காகக் கேட்ட ஒரு நிமிஷம், கணக்கில்லாத படங்களுக்காகக் கல்யாணம் முழுவதையும் கேட்கிறது.

இயல்பாக எடுப்பது நேற்று முளைத்த நாகரிகம் என்பாரும் உண்டு. சிறிய கேமரா பிறந்ததே அதற்காகத்தான். 1924இல் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் வந்தது, 1925இல் லைக்கா வந்தது. எர்மனாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்ட எரிக் சாலமன், உலகத் தலைவர்கள் கூடிய மாநாட்டு அறைகளில் ஃபிளாஷ் போடாமல், யாரையும் திரும்பச் சொல்லாமல் படமெடுத்தார். இரவு நெடுநேரப் பேச்சில் களைத்து நாற்காலியில் சரிந்துகிடந்த அமைச்சர்களை உலகம் அப்படித்தான் முதன்முதலாகப் பார்த்தது. யூதர் என்பதால் 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அவர் உயிர் போயிற்று. அவர் கண்டுகொடுத்த முறை நிலைத்துவிட்டது. ஃபிளாஷையும் ஏற்பாடு செய்த காட்சியையும் வெறுத்து ஒதுக்கிய ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் 1948இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் பதிவு செய்ததும் அந்த மரபில் நின்றுதான்.

கல்யாணத்துக்கே வருகிறேன். 1996 செப்டம்பர் 21 அன்று, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் உள்ள கம்பர்லாந்து தீவில், ஜான் எஃப். கென்னடியின் மகனுக்குத் திருமணம். சின்னஞ்சிறு மரத் தேவாலயம், பொழுது சாய்ந்த நேரம். தம்பதி வாசலில் இறங்கும்போது மாப்பிள்ளை பெண்ணின் கையை எடுத்து முத்தமிட்டார். படக்காரர் டெனிஸ் ரெஜி அதைப் படமெடுத்தார். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது அந்த ஒரு படம். எத்தனை பணமும் எத்தனை உதவியாளர்களும் வைத்துக்கொள்ளக்கூடிய குடும்பம் அது. அந்தக் கல்யாணத்திலிருந்து உலகம் நினைவில் வைத்திருப்பது, தானாக நடந்த ஒரு கணத்தை.

இனி முதல் வாதம். சொல்லிக்கொடுக்காவிட்டால் நம் ஆட்களின் முகம் நன்றாக வராது என்பது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நம் கல்யாணங்களில் முகம் என்னவெல்லாம் செய்கிறது என்பதைப் பார்க்காதவரே இப்படிச் சொல்ல முடியும். கன்னிகாதானத்தின்போது அப்பாவின் மடியில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவருக்குக் கால் மரத்துப்போயிருக்கும், நகரமாட்டார். தாரை வார்க்க நீர் ஊற்றும் அம்மாவின் கண் சொம்பின் மூக்கிலேயே நிற்கும். மகள் முகத்தைப் பார்த்தால் கை நடுங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். தாலி ஏறும்போது பெண் கீழே பார்க்கிறாள். அந்தக் குனிவு ஒவ்வொரு பெண்ணுக்கும் வேறு. ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள், ஒருத்தி அடக்க முடியாமல் சிரிப்பாள், ஒருத்தி தாலியின் மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னால் நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போடப் போராடுகிறாள். கூந்தலில் பூ, கழுத்தில் மாலை, கயிற்று நுனி கைக்கு அகப்படவில்லை. அவளுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுமிக்கு எண்ணெய் சிந்திவிடுமோ என்ற பயம். இவ்வளவும் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நடக்கிறது. "எல்லாரும் கேமராவைப் பாருங்க" என்ற ஒரு வார்த்தையில் அத்தனையும் அணைந்துபோகும். கேமராவைப் பார்க்கும் முகங்கள் எல்லாம் ஒரே முகம். திண்டுக்கல்லில் எடுத்த ஆல்பத்தையும் திருநெல்வேலியில் எடுத்த ஆல்பத்தையும் மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க முடியாமல் போனது இதனால்தான்.

முகம் இறுகுகிறது என்பது உண்மைதான். ஆனால் இறுகுவது எப்போது? கேமராக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. பிறகு அந்த இறுக்கத்தைத் தளர்த்த அவரே "நேச்சுரலா சிரிங்க" என்கிறார். நோயைக் கொடுத்தவரே மருந்தையும் விற்கிறார். கூப்பிடாமல் விட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் வீட்டார் உங்களை மறந்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் ஒவ்வொருவருக்கும் தலைக்கு மேல் வேலை. கேமராவை நினைத்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கம்பத்தடி மண்டபத்துத் திருக்கல்யாணச் சிற்பத்தைப் பாருங்கள். திருமால் தாரை வார்க்க, மீனாட்சியின் கையைச் சொக்கநாதர் பற்றுகிறார். கல்லில் எதை வேண்டுமானாலும் வடிக்கக்கூடிய சிற்பி, அலங்காரமாக அமர்ந்த கோலத்தை விட்டுவிட்டு, கைமாறும் கணத்தைத் தேர்ந்தெடுத்தார். கல்யாணத்தின் உயிர் எந்தச் செயலில் இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கை நம் மண்டபங்களில் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் உண்மையாகவே பற்றப்படுகிறது. நமக்கு உளி வேண்டாம், பாறை வேண்டாம். குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது வாதத்துக்குப் போகுமுன், குறுக்கே போவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டும். திருமணம் என்பது பெரும்பாலும் சாட்சிகளின் முன் நடப்பது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், நடத்திவைப்பவர் நீங்கலாக, இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. நிக்காஹ்வுக்கும் சாட்சிகள் வேண்டும். சடங்கும் புரோகிதரும் வேண்டாம் என்ற சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சி 1967இல் சட்ட ஏற்பு தந்தபோதும், உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் என்பதை விடவில்லை. வைதிக முறையில் அக்கினியே சாட்சி. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாலும் மனிதர்கள் சாட்சியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தச் சாட்சிகள் இன்று எதைப் பார்க்கிறார்கள்? மணவறைக்கு முன்னால் ஒரு வரிசை முதுகுகளைப் பார்க்கிறார்கள். வீடியோக்காரர், அவருடைய உதவியாளர், டிரெடிஷனல்காரர், கேண்டிட்காரர், விளக்குப் பிடிப்பவர், அந்தரத்தில் ஆடும் ஜிம்மி ஜிப் கேமரா. கும்பகோணத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, விடியற்காலையில் குளித்து, பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் இடம் பிடித்த அத்தை, தான் தூக்கி வளர்த்த பெண்ணுக்குத் தாலி ஏறுவதைச் சுவரில் மாட்டிய எல்இடி திரையில் பார்க்கிறார். அட்சதையைக் கேமராக்காரர் முதுகில்தான் போடுகிறார். வரவழைத்த சாட்சியை மறைத்துவிட்டு, வராதவர்களுக்காகப் படமெடுக்கிறோம். படமெடுப்பவரும் அந்த அத்தையைப் போல ஒரு சாட்சி. மற்ற சாட்சிகளின் கண்ணை மறைக்க அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.

ஆல்பம் ஐம்பது வருஷம் நிற்கும் என்பது இரண்டாவது வாதம். இதை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஐம்பது வருஷம் நிற்பதால்தான் அதில் பொய் இருக்கக் கூடாது என்கிறேன். கல்யாணமான முதல் ஆறு மாதம் தம்பதி தங்கள் முகத்தைத் தேடுவார்கள். அதன் பிறகு ஆல்பத்தைத் திறப்பது வேறு காரணத்துக்காக. தாத்தா இறந்துவிட்டார், சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். சித்தப்பா பேசி முடித்துச் சிரிக்கும் விதம் எப்படி இருந்தது என்று அவருடைய மகன் கேட்கிறான். அவர் போகும்போது அவனுக்கு மூன்று வயது. அன்று பந்தியில் பரிமாறிய பக்கத்து வீட்டு அண்ணன் இன்று எங்கேயோ இருக்கிறார். ஒரு குடும்பத்தின் சொந்தபந்தம் அத்தனையும் ஒரே கூரைக்குக் கீழே வருவது கல்யாணத்தில்தான். அடுத்த முறை அவர்கள் கூடும்போது ஒருவர் இருக்கமாட்டார். அதனால் கல்யாணப் படம் எடுப்பவர் ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதுகிறார். இன்றைய கரிஷ்மா ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு முகங்கள். பின்னணியில் மங்கலான விளக்குப் புள்ளிகள். மொய் எழுதியவர் இல்லை. விடிய விடியக் கோட்டையடுப்பின் முன் நின்ற சமையல்காரர் இல்லை. தாய்மாமன் சீர்த்தட்டோடு படியேறி வந்தபோது அவர் மனைவி நகைப்பெட்டியை இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தது இல்லை. இரண்டு சம்பந்திகளும் எதையோ பேசித் தீர்த்துக்கொள்ள மண்டபத்தின் பின்கட்டில் நின்றது இல்லை.

ஈழத்துக் குடும்பங்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும். போரின்போது, 1995 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நடக்கத் தொடங்கியபோது, வீட்டோடு ஆல்பத்தையும் விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். கொழும்பிலோ டொரன்டோவிலோ உறவினர் வீட்டில் தப்பிப் பிழைத்த ஒரு கல்யாணப் படத்தில் அவர்கள் தேடுவது தம்பதியின் அலங்காரத்தையா? பின்னால் தெரியும் வீட்டு விறாந்தையை, கிணற்றடியை, ஓரத்தில் நிற்கும் ஆச்சியைத் தேடுகிறார்கள். ஸ்டூடியோத் திரைச்சீலைக்கு முன் எடுத்த படத்தில் இவை எதுவும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. வாழ்க்கைத் துணையைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பிப்பவர்கள், உறவு மெய்யானது என்பதற்குத் திருமணப் படங்களையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அங்கே கல்யாணப் படம் அலங்காரப் பொருளல்ல, சான்று.

வெளிச்சத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கும் பதில் உண்டு. முகூர்த்தம் பல நேரம் விடியுமுன், மண்டபம் இருட்டு, விளக்குப் போட்டு ஆளை நிறுத்தாமல் எப்படி எடுப்பது என்கிறார்கள். வீடியோ நம் ஊருக்கு வந்த காலத்தில் இது உண்மை. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே எரியும். ஓமப்புகையில் ஏற்கெனவே கலங்கிய கண்ணில் நீர் வழியும். இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓ 6400 வைத்து, 35 அல்லது 50 மில்லிமீட்டர் வேகமான லென்ஸைப் போட்டால், குத்துவிளக்கும் ஓமத்தீயும் கூரை விளக்கும் போதும். சத்தமில்லாமல் எடுக்க மின்னணு ஷட்டர் இருக்கிறது. எல்இடி வெளிச்சத்தில் அது பட்டை பட்டையாகக் கோடு போடும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிக்கொள்ள வேண்டும், அல்லது வேகத்தை விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். முதல்நாள் மாலையே மண்டபத்துக்குப் போய் எந்த விளக்கு மஞ்சள், எந்த விளக்கு நீலம், மணவறை எந்தத் திசை பார்க்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது பெரிய வேலையல்ல.

பெரிய வேலை வேறு. இயக்காமல் எடுப்பதென்றால் மூலையில் சாய்ந்து நின்று அகப்பட்டதை எடுப்பது என்று நினைக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறதென்று தெரியாதவர்தான் நடந்ததைத் திரும்பச் செய்யச் சொல்வார். தெரிந்தவருக்கு அந்தத் தேவை வராது. புரோகிதர் எப்போது தேங்காய்மேல் இருக்கும் தாலியைத் தட்டோடு சபைக்குச் சுற்றி அனுப்புகிறார், எப்போது அது திரும்பி வருகிறது, கெட்டிமேளத்துக்கு விரலை உயர்த்துமுன் எந்த மந்திரத்தில் இருக்கிறார் என்பது காதில் இருக்க வேண்டும். நான் தவில்காரரின் முகத்தைப் பார்ப்பேன்; புரோகிதரின் விரலுக்காகக் காத்திருப்பதே அந்த நேரத்தில் அவர் தொழில், அவர் தோள் நிமிர்ந்தால் தாலி வருகிறதென்று அர்த்தம். கொங்கு நாட்டில் அருமைக்காரர் நடத்தும் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் உண்டு. அதைத் தெரியாதவர் அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுவார். நிக்காஹ்வில் பல ஊர்களில் மணமகள் வேறோர் அறையில் இருப்பார். சம்மதம் கேட்கச் சாட்சிகள் அங்கே போவார்கள். அந்த அறைக்குள் போகலாமா, பெண் ஒருவரைத்தான் அனுப்ப வேண்டுமா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். தேவாலயத்தில் எதுவரை போகலாம் என்பதைப் பங்குத்தந்தை சொல்வார். இவ்வளவையும் கற்றுக்கொள்வதற்குப் பதிலாக "மறுபடி ஒருதடவை" என்று கேட்பது சுலபம். அந்தச் சுலபத்துக்குத்தான் நம் தொழில் கலை என்று பெயர் சூட்டியிருக்கிறது.

வாடிக்கையாளர் கேட்கிறார் என்ற மூன்றாவது வாதத்தை நான் அதிகம் மதிக்கவில்லை. அவர் எதைப் பார்த்துக் கேட்கிறார்? நாம் காட்டிய சாம்பிள் ஆல்பத்தையும் நாம் போட்ட ரீல்ஸையும் பார்த்துக் கேட்கிறார். ஒரு முழுக் கல்யாணத்தை முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை அவருக்குக் காட்டியவர் எத்தனை பேர்? இருபது கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய நாற்பது படங்களைக் காட்டிவிட்டு, ருசி அவருடையது என்று கைகழுவுவது நேர்மையல்ல. இந்த ருசிதான் தம்பதிகளைக் கல்யாணத்துக்கு முன்பே மாமல்லபுரத்துக்கும் காரைக்குடிக்கும் அருவிக்கும் ஆற்றுக்கும் அனுப்புகிறது. 2020 நவம்பரில் மைசூர் மாவட்டத்தில் தலக்காட்டுப் பக்கம் காவிரியில், கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காகப் பரிசலில் ஏறிய இணை, பரிசல் கவிழ்ந்து மூழ்கி இறந்தது. அந்த வீடுகளில் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். யாரையும் குற்றம்சாட்ட இதைச் சொல்லவில்லை. தாங்களாகப் போகாத இடத்துக்கு மனிதர்களைப் படம் அழைத்துப் போகும்போது, அந்த அழைப்பின் பொறுப்பைப் படமெடுக்கும் நாங்கள் எல்லோரும் சுமக்க வேண்டும்.

என் பக்கத்தில் நிற்பவர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. இயல்பான படம் பேசும் இளைஞர்கள் குரூப் ஃபோட்டோவைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வந்த பழக்கம் அது. வரவேற்பில் வரிசையில் நின்று, பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்து, தம்பதியின் பக்கத்தில் நிமிர்ந்து நின்று நேரே பார்ப்பது நம் கல்யாணத்தில் ஒரு சடங்கு. யாரும் ஏவாமல், வந்தவர்களே விரும்பிச் செய்வது. பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மார்பை நிமிர்த்தி நிற்பதில் பொய் ஒன்றுமில்லை. "நான் வந்திருந்தேன்" என்று அவர் சொல்லிக்கொள்ளும் விதம் அது. அதை மறுத்து, அவர் வாயில் ஜாங்கிரி இருக்கும்போது எடுத்த படத்தைக் கொடுத்து இதுதான் உண்மை என்று சாதிப்பது அவரை அவமதிப்பது. குரூப் ஃபோட்டோவை நான் ஒழுங்காக, வேகமாக, ஒருவரையும் விடாமல் எடுப்பேன். அதுவும் ஆவணந்தான்.

உடைமாற்றும் அறை, தனியே நின்று அழும் அம்மா, இரண்டு வீட்டாருக்கும் இடையே வந்த வாய்த்தகராறு இவையெல்லாம் நடந்தவைதான். நடந்ததாலேயே எடுத்துவிட உரிமை வந்துவிடாது. இயக்கக் கூடாது என்பதற்கும் திருடலாம் என்பதற்கும் வெகுதூரம். அழுகிற அம்மா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தால் கேமராவை இறக்கிவிடுவேன்.

கேமரா இருந்தாலே மனிதர்கள் மாறிவிடுகிறார்கள், ஆகவே இயல்பு என்பதே கற்பனை என்று படித்தவர்கள் வாதிடுகிறார்கள். மாறுகிறார்கள், ஆமாம். மாமியார் வந்தாலும் மாறுகிறார்கள், ஊர்ப் பெரியவர் வந்தாலும் மாறுகிறார்கள். வந்தவர் முன்னிலையில் ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்வது அவருடைய செயல். வந்தவர் அவர் தாடையைப் பிடித்துத் திருப்புவது வேறு. முதலாவதைப் படமெடுக்கலாம். இரண்டாவதைச் செய்துவிட்டு அதற்கும் இயல்பு என்று பெயர் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் சில விஷயங்களை நேராகவே சொல்கிறேன். படமெடுப்பவரிடம் பொறுக்கிய படங்களைக் கேட்காதீர்கள். யாரோ ஒருவருடைய சம்மதத்தோடு, ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பாட்டிகள் எத்தனை பேர் தெரிகிறார்கள், பந்தி தெரிகிறதா, மேளக்காரர் தெரிகிறாரா என்று பாருங்கள். மாலை மாற்றுவதிலிருந்து அருந்ததி பார்ப்பதுவரை யாரையும் எதையும் திரும்பச் செய்யச் சொல்லமாட்டேன் என்பதை முன்பணம் கொடுக்கும் அன்றே எழுதி வாங்குங்கள். குரூப் ஃபோட்டோவுக்கு யார் யார் என்ற பட்டியலை எல்லோரையும் அறிந்த ஒரு மாமாவிடம் கொடுத்துவிடுங்கள்; ஆளைத் தேடி அழைத்துவர அவரைவிட நல்லவர் கிடையாது. ஜிம்மி ஜிப் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முகூர்த்த நேரத்தில் மணவறைக்கும் முன்வரிசை நாற்காலிகளுக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது, வீடியோக்காரர் உட்பட எல்லோரும் பக்கவாட்டில்தான் என்று முதல்நாள் இரவே மண்டபத்தில் சொல்லி வையுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுக்க முடியாத சடங்கு எதுவும் நம் கல்யாணத்தில் இல்லை.